பெண்ணும் இல்லை, குடமும் இல்லை

"பீரங்கி எங்கேய்யா?"

மேட்டில் ஏறி வந்த மூச்சிரைப்போடு கேட்டார் கேப்டன் ஒபினோ. சுற்றிலும் ஆப்பிள் மரங்கள். நிழலில் சூப் குடித்துக்கொண்டிருந்த பீரங்கிப் படைக்காரர்கள் நாலைந்து பேர் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்கள்.

"காட்டுறோங்க ஐயா. முதல்ல கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க" என்றான் கஸ்பார். அவன் சீருடை முழுக்கப் பச்சையும் காவியுமாகப் பெயிண்ட் கறை.

கேப்டன் அவனை உற்றுப் பார்த்தார். "உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"பாரிஸ்லங்க. போருக்கு முன்னாடி. என் படத்தைப் பத்தி உங்க பத்திரிகையில எழுதினீங்க. 'குடத்துடன் ஒரு பெண்'."

ஒபினோவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. சீருடை மாட்டுவதற்கு முன்னால் அவர் ஓவிய விமர்சகர். உருவங்களைத் துண்டு துண்டாக்கி வரைகிற கியூபிசம் என்று கிளம்பிய கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பெண்ணையும் காணோம், குடத்தையும் காணோம்' என்று அவர் எழுதியதைப் பாரிஸே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதற்கப்புறம் கஸ்பாரின் படங்களைச் சீந்துவாரில்லை.

அதே ஒபினோதான் இன்றைக்குத் தலைமையகத்திலிருந்து பரிசோதனைக்கு வந்திருக்கிறார். எதிரி விமானங்களின் கண்ணில் படாமல் பீரங்கிகளை மறைப்பதற்கென்று, ஓவியர்களை வைத்து ஒரு சிறு பிரிவு தொடங்கியிருந்தார்கள். அது தேவையா, தண்டமா என்று அவர் சொல்ல வேண்டும். தண்டம் என்று சொல்லிவிட்டால், கஸ்பாரும் கூட்டாளிகளும் நாளைக்கே தூரிகையைப் போட்டுவிட்டு முன்வரிசைப் பதுங்குகுழிக்குப் போக வேண்டியதுதான். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

பீரங்கிக்குப் பொறுப்பான சார்ஜென்ட் கெமெனேருக்கும் கவலை இருந்தது. அவருடைய பழைய பீரங்கியை ஜெர்மன் விமானம் ஒன்று பார்த்துவிட்டுப் போக, சற்று நேரத்தில் குண்டு வந்து விழுந்தது. தன் ஆட்கள் இரண்டு பேரை அவரே குழி வெட்டிப் புதைத்தார்.

ஜூன் வெயில் சுள்ளென்று அடித்தது. "பரவாயில்லை, கிளையாவது வாகா இருக்கு" என்றபடி கேப்டன் தன் கோட்டைக் கழற்றி மாட்டினார். சார்ஜென்டுக்கு சூப் புரையேறியது. ஒருவன் ஓடிவந்து அவர் முதுகில் தட்டினான்.

"ஏன்ப்பா, நிஜமாவே கேக்குறேன்" என்று கஸ்பாரிடம் திரும்பினார் கேப்டன். "ஒரு பொண்ணை வரைஞ்சா ஒழுங்கா வரைஞ்சா என்ன? மூக்கு ஒரு மூலையில, முழங்கை ஒரு மூலையில. கண்ணாடியைப் போட்டு உடைச்ச மாதிரி!"

"ஒரே இடத்துல நின்னா ஒரு பக்கம்தானே ஐயா தெரியும்? சுத்தி வந்து பார்த்த பக்கமெல்லாம் ஒரே படத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டோம்."

"ஆசைப்பட்டு? பார்க்கிறவனுக்கு என்ன தெரிஞ்சுது? ஓவியம்னா காட்டணும்யா. நீங்க பண்றது ஒளிச்சு வைக்கிற வேலை!"

"நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் நானும் அதைத்தாங்க யோசிச்சேன்."

"அப்ப நான் எழுதினது சரிதானே?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லைங்க."

கேப்டனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு வார்த்தை திருப்பிப் பேசுவான், நாமும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று நினைத்திருந்தார். இவனுக்கு ரோஷமே கிடையாது போலிருக்கிறது.

தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். புதரைப் பூட்ஸ் காலால் விலக்கிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"பீரங்கி வருதா, வரலையா? இழுத்துட்டு வரக் குதிரை கிடைக்கலையா?"

"இன்னும் கொஞ்சம் நல்லாப் பாருங்க ஐயா" என்றான் கஸ்பார்.

"எதைப் பார்க்க? ஆப்பிள் காய்ச்சிருக்கான்னா? சார்ஜென்ட், நீயாவது சொல்லுய்யா!"

சார்ஜென்ட் கெமெனேர் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேலிடத்திலேர்ந்து ஒருத்தன் வர்றான்னு தெரிஞ்சும் ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்த உங்களுக்குத் துப்பில்லை. தோப்பையே சலிச்சாச்சு. இங்க பீரங்கியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இதை அப்படியே தலைமையகத்துல சொல்லப்போறேன்."

"அப்படியே சொல்லுங்க ஐயா" என்றான் கஸ்பார். "அந்தப் பழைய வரியையே சொன்னாக்கூடப் போதும். பொண்ணுக்கும் குடத்துக்கும் பதிலா பீரங்கின்னு மட்டும் மாத்திக்குங்க."

"திமிரு! நாளைக்குப் பதுங்குகுழியில உக்காந்து குடத்தை வரை!"

கேப்டன் விறுவிறுவென்று மேட்டை விட்டு இறங்கத் தொடங்கினார். சார்ஜென்ட் கஸ்பாரின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஐயா, உங்க கோட்டு!" என்று கஸ்பார் பின்னாலிருந்து கூப்பிட்டான். "எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. பீரங்கிக் குழாய்ல தொங்குது, சுட்டா கருகிடும்."