எட்டு புள்ளி நான்கு

ஓட்டத் தேர்வுக்கு வந்த அஜிஷாவின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு மெஷின் எட்டு புள்ளி நான்கு காட்டியது.

கோச் குமாரதாஸுக்கு முகம் மாறியது. ஓட ஓட ரத்தத்தில் ஏறுகிற லாக்டேட், சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பில் ஒன்றரையைத் தாண்டாது.

"ஏட்டி, ஓடிட்டா வந்த?"

கேட்டு வாய் மூடுவதற்குள் அஜிஷா சொல்லிவிட்டாள். "ஆமா சார். பஸ்ஸ்டாண்டுல இருந்து இங்க வர ஓட்டம்தான்."

நெற்றியில் பொட்டு வியர்வை இல்லை. மெஷின் சொன்ன பிறகு நெற்றியை யார் பார்க்கிறார்கள்?

நாகர்கோவில் விளையாட்டு விடுதியில் மிச்சமிருப்பது ஒரே இடம். அது கிடைக்காவிட்டால் அக்கா நிற்கிற ஜவுளிக்கடையில் தானும் போய் நிற்க வேண்டியதுதான் என்று விண்ணப்பம் கொடுத்த அன்றே அவள் சொல்லியிருந்தாள்.

"உள்ளதச் சொன்னியே, அது போதும். சோப்புப் போட்டு கை, முகம் கழுவிட்டு ஒரு மணி நேரம் நிழல்ல இரி. போன வருஷம் ஒருத்திக்கும் இப்படித்தான் காட்டுச்சு மக்கா. ஓடவே இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணினா. கள்ளம் சொல்றவள வச்சு நான் என்ன செய்ய? அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டேன்."

அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

அஜிஷா குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒன்று புள்ளி ஒன்று.

மூன்று நிமிடம் ஓட்டம், நின்றதும் ஒரு குத்து, அடுத்த தடவை இன்னும் வேகம். வியர்வை பட்டாலும் எண் ஏறிவிடும் என்று ஒவ்வொரு குத்துக்கு முன்னாலும் ஈரப் பஞ்சால் அவள் விரலைத் துடைத்தார். அதில் அவர் கறார்.

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்திலும் எண் அசையவில்லை. பதினாறில்தான் நாலைத் தொட்டது. பதினேழில் ஏழுக்குத் தாவியது.

நாலைத் தொடுகிற வேகம்தான் நெடுந்தூரம் தாங்கும் வேகம்; அதை வைத்துக் கணக்குப் போட்டார். அரை மாரத்தானை ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் முடிப்பாள். இந்தக் கிரவுண்டில் எந்தப் பெண்ணும் அந்தக் கணக்குக்கு வந்ததில்லை.

விடுதிப் படிவத்தில் அவள் பெயரை எழுதினார்.

கால் மணி நேரம் கழித்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கக் கடைசியாக ஒரு குத்து. வியர்வை காய்ந்திருந்ததால் துடைக்கவில்லை.

பதினான்கு.

உட்கார்ந்திருக்கிற உடம்பில் ஏறுமா?

விரலைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணில் ஒரு சோற்றுப் பருக்கை. புளித்த வாடை. பக்கத்தில் திறந்து கிடந்த தூக்குச்சட்டியில் பழங்கஞ்சியின் மிச்சம், நசுங்கிய காந்தாரி மிளகாய்.

கஞ்சியைப் புளிக்க வைப்பதும் இந்த மெஷின் அளக்கிற அதே லாக்டிக் அமிலம்தான். வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"காலையிலயும் இதத்தான் தின்னியா?"

"ஆமா சார். இங்க கேட் பக்கத்துல இருந்துதான் தின்னேன்."

"பின்ன ஓடினேன்னு எதுக்குச் சொன்ன?"

அஜிஷா விரலை இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஓடினியான்னு நீங்க கேட்டா ஆமான்னு சொல்லீரணும்னு அக்கா சொல்லி விட்டா சார். போன வருஷம் அவ இல்லன்னுதான சொன்னா."