ஸ்ரீப்ரியாவின் ஜெபச்சீட்டு

பத்மநாபசாமி மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யில்லை.

திருவனந்தபுரம் தம்பானூர் லாட்ஜ் மேனேஜர் பகவதிப்பெருமாளைப் போலப் பொய் சொல்ல இன்னொருத்தர் பிறந்து வரவேண்டும். மனைவி இறந்து இரண்டு வருஷம். அவள் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்ப்பதாக மகள் ஸ்ரீப்ரியாவிடமும் அவளுடைய மிஷன் பள்ளிக்கூடத்திலும் சாதித்துவந்தார். மகள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் அம்மா போன் பண்ணுவாள். மஸ்கட் பேரீச்சம்பழம் உள்ளூர்ச் சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் கண்டம் வந்தது.

"இன்னைக்கு என்ன மக்ளே படிச்சுத் தந்தாவ?"

"பத்துக் கட்டளைப்பா. பொய் சொல்லப்பிடாதாம்."

பகவதிப்பெருமாள் தோசையைத் தட்டில் வைத்தார். "நல்லதுக்குச் சொன்னா?"

"அதும் பாவந்தானாம். டீச்சர்ட்ட கேட்டேன்."

"அம்மா நேத்தும் போன் பண்ணினா, கேட்டியா!"

"சுகமா இருக்காளாப்பா?"

"பரம சுகம்."

மறுநாள் மலையாளி டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் வேண்டுதல் எழுதிப்போடும் ஜெபப்பெட்டியிலிருந்து ஒரு சீட்டை நீட்டினார்.

"குட்டி தமிழ்லயாக்கும் எழுதியிருக்கு. இவிட ஆருக்கும் வாசிக்க அறியில்லை. நிங்ஙள் ஒண்ணு வாசிச்சுத் தரணும்."

பகவதிப்பெருமாள் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு உரக்க வாசித்தார்: "அம்மா மஸ்கட்லேருந்து சீக்கிரம் வரணும்."

"பாவம் குட்டி" என்றார் டீச்சர்.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "இயேசப்பா, அம்மா செத்தது எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியப்பிடாது."