கீல் விட்ட லேப்டாப்

டீச்சர் பூங்கோதையின் மேசையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. கீல் விட்டுப்போனதால் சுவரில் சாய்ந்துதான் நிற்கும். ஒருநாள் பக்கத்தில் புது லேப்டாப் ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயரைச் செருகி, ஃபைல்களையெல்லாம் மாற்ற விட்டுவிட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போனார்.

பழசுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஃபேன் ஆட்டோ மாதிரி இரைந்தது.

"என்ன பெருசு, ஒரு போட்டோ அனுப்ப இவ்வளவு மூச்சு வாங்குது?" என்றது புதுசு.

இப்போது படுத்துவிட்டால் மானம் போய்விடும் என்று பழசு பல்லைக் கடித்துக்கொண்டது. மதியத்துக்குள் கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது.

மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்காத புதுசு, உடனே மேசையோரம் இருந்த பிரிண்டரிடம் ஆரம்பித்தது. "பதினோரு வருஷமா அரையாண்டுக் கேள்வித்தாள் எல்லாம் நான் போட்டதுதான். டீச்சர் பொண்ணு முதல்நாள் ஸ்கூலுக்கு அழுதுகிட்டே போனதைப் பார்த்தவன் நான். இந்த ஆயுத பூஜை போட்டோவைப் பாரு, சந்தனமும் குங்குமமுமா நிக்கிறது யாருங்கிறே?"

பிரிண்டருக்குப் பொறுக்கவில்லை. பழசின் பக்கம் திரும்பியது. "அண்ணே, நேத்து டப்பாவிலிருந்து வந்த பய, உங்க கதையைத் தன் கதையா அளக்குறான். நீங்க பேசாம இருக்கீங்களே?"

சுவரில் சாய்ந்தபடியே பழசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"அளக்கட்டும்டா. ஒண்ணு விடாமச் சொல்றான் பார்த்தியா? நான் அனுப்பினதுல ஒரு துளிகூடச் சிந்தலை!"