குக்கர் விசில் வரும் பாட்டு

ஒவ்வொரு டிசம்பரிலும் பெனிட்டா அந்த வருடம் தனக்குப் பிடித்த பத்து இண்டி ஆல்பங்களை, அதாவது சினிமாவுக்கு வெளியே பாடகர்களே சொந்தமாக வெளியிட்டவற்றை, பட்டியல் போட்டு, முதலிடம் பிடித்ததைக் கணவர் ஜெரால்டுக்குப் போட்டுக் காட்டுவாள். இந்த முறை முதலிடம், சமையலறையிலேயே பாடிப் பதிவு செய்த ஒரு தூத்துக்குடிப் பெண்ணுக்கு. அவளுக்குக் கரகரத்த குரல். மார்ச்சில் நடந்த தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பெனிட்டாவுக்கும் அதே குரல்தான்.

பாட்டு முடிந்தது.

“ஏங்க, நடுவுல குக்கர் விசில் அடிச்சுதே, சிரிப்பு வரலியா?”

“விசிலா? எங்க?”

ஜெரால்டின் காதில் இருந்தது ஜனவரியில் வாங்கிய கருவி. இதமில்லாத சத்தத்தையெல்லாம் இதமாக்கித் தரும். அதைக் கழற்றினால் அவருக்கு ஒன்றுமே கேட்காது.

“சரி, குரல் எப்படி?”

“தேனாட்டம் இருக்கு. உன் குரல் மாதிரியே.”

“என் குரல் எப்படி இருக்கு?”

“கல்யாணத்தன்னைக்குக் கேட்ட அதே குரல். ஆபரேஷன்ல போயிரும்னு என்னமா பயந்த.”

இத்தனை மாதம் அவர் தன் மாறிப்போன குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாததை அன்பு என்று நினைத்திருந்தாள் பெனிட்டா. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் வாய்விட்டு அழுதாள்.

“அந்தப் பாட்டைத்தான் பாடுறியா?” என்றார் ஜெரால்டு கூடத்திலிருந்து. “நல்லாருக்கு, நிப்பாட்டாத.”