சிங்காரம் போட்ட ஆணி

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ராஜா கிடையாது. ராஜாவுக்குப் பதிலாக ஒரு பஞ்சர் கடை இருந்தது. ஊர் தேவனாம்பட்டினம். கடை சிங்காரத்தினுடையது.

அந்த ஊருக்குக் கனடாவிலிருந்து ஆறு பேர் ஊழியம் செய்ய வந்தார்கள். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். பாஸ்டர் ராபர்ட் அவர்களை சர்ச் வளாகத்திலேயே தங்க வைத்து, ஆளுக்கொரு பழைய சைக்கிளும் கொடுத்தார்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாருக்கும் சும்மா எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கை நீட்டிப் பழகிவிடுவார்களாம். அதனால் உள்ளூர்க் கடைகளில் செலவு செய்ய வேண்டும். ஒரு கடையையும் விடக் கூடாது.

விடவில்லை. ஒரு டீக்கடையில் ஆளுக்கு நாலு டீ குடித்தார்கள். எதிர்க்கடைக்காரர் பாவம் என்று அங்கேயும் போய் நாலு குடித்தார்கள். ஆண்கள் நாலு பேரும் சலூனில் முடி வெட்டிக்கொண்டார்கள். ஊரில் இன்னொரு சலூனும் இருப்பது தெரிந்ததும், மறுநாள் அங்கே போய் மிச்சத்தையும் கொடுத்துவிட்டு மொட்டையாக வந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் அந்த வினோதம் ஆரம்பித்தது. காலை ஒன்பது மணிக்கு, ஆறு சைக்கிளில் ஒன்று பஞ்சர். நாலாம் நாளும் ஒன்று. ஐந்தாம் நாளும் ஒன்று. அவர்களில் மூத்தவர், எழுபது வயது ஹெரால்ட், தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிங்காரம் கடைக்கு வருவார்.

"அது எப்படி மச்சான், கெடியாரம் வச்ச மாதிரி தெனம் ஒண்ணு?" என்று ஊர்த் தலைவர் சக்கரபாணி சிங்காரத்திடமே கேட்டார்.

சிங்காரம் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சர் கடைக்காரன் ரோட்டில் ஆணி போடுகிறான் என்று ஊரே பேசிக்கொண்டது. இளவட்டங்கள் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கயிறு கட்டி ரோடு முழுக்க இழுத்துப் பார்த்தார்கள். சோடா மூடி வந்தது, தூண்டில் முள் வந்தது. ஓர் ஆணிகூட வரவில்லை.

அதுவே சாட்சியாகிவிட்டது. நாம் தேடுவோம் என்று தெரிந்து பொறுக்கிவிட்டான், அவ்வளவு கெட்டிக்காரன் என்றார்கள்.

பஞ்சாயத்து கூடியது. விஷயம் வெளிநாட்டுக்காரர்கள் காதுக்கு மட்டும் போகக் கூடாது, ஊர் மானம் போய்விடும் என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டார்.

"சொல்லுப்பா. ஆணி போட்டியா, இல்லியா?" சக்கரபாணி வாயில் இப்போது மச்சான் இல்லை.

சிங்காரம் சர்ச் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஆமாங்க. நான்தான் போட்டேன்."

ஒரு மாதம் கடையைத் திறக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. சாவியை சக்கரபாணி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று ஹெரால்ட் கேட்டதற்கு, சொந்தத்தில் கல்யாணம் என்று பாஸ்டர் ஒரு பொய் சொன்னார்.

கடையைப் பூட்டிய அன்றே பஞ்சரும் நின்றுபோனது.

"பாத்தீங்களா?" என்றது ஊர்.

அடுத்த வாரம் ஆறு பேரும் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். நாலாம் நாள் அந்த சர்ச்சின் பாஸ்டரிடமிருந்து ராபர்ட்டுக்கு போன் வந்தது. சர்ச்சுக்கு எதிரே வைத்திலிங்கம் என்று ஒருவர் பஞ்சர் கடை வைத்திருக்கிறாராம். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு சைக்கிள் பஞ்சராம். காந்தம் கட்டி இழுத்தும் ஆணி கிடைக்கவில்லையாம். நாளைக்கு ஊர்க்காரர்கள் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கப் போகிறார்களாம்.

பாஸ்டர் சக்கரபாணியைக் கூட்டிக்கொண்டு ஓடினார். பூட்டிய கடைக்கு முன்னால் சிங்காரம் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"சிங்காரம், உண்மையச் சொல்லு. ஆணி போட்டது நீ இல்லதானே?" என்றார் பாஸ்டர்.

"இல்லீங்கய்யா."

"அப்ப யாரு?"

"ஆணியே கெடையாதுங்க. ஆணி ஏறுனா தரையில படற எடத்துல ஓட்ட விழும். இது எல்லாமே டயரோட பக்கவாட்டுல. கோணி ஊசி வச்சிக் குத்துனது." சிங்காரம் குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டாம் நாளு அந்தக் கெழவரு கடைக்கு வந்தாரு. எதையாவது வாங்கணும்னு நின்னாரு. இங்க விக்கறதுக்கு என்ன இருக்கு? காத்துதான். அதுவும் சும்மாதான்னு சொல்லிட்டேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. மறுநாளு பஞ்சரோட வந்தாரு."



"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் சக்கரபாணி.

"எனக்கு ஒபகாரம் பண்ணணும்னு திருட்டுத்தனம் பண்ணுன மனுசன். நாலு பேரு முன்னாடி காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா? இப்பவும் அவருகிட்ட இதக் கேட்டுடாதீங்கய்யா. இந்த வயசுல கூசிப்போயிடுவாரு."

சக்கரபாணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "கடையத் தெற மச்சான்."

பாஸ்டர் மட்டும் தவித்தார். "அவரக் கேக்கலன்னா, நாளைக்கு அந்த வைத்திலிங்கத்த எப்படிப்பா காப்பாத்தறது?"

சிங்காரம் கொஞ்சம் யோசித்தார். சாவியை வாங்கினார், கடையைத் திறக்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை உதறி மாட்டிக்கொண்டார்.

"கடலூர் போயி சிதம்பரம் பஸ்ஸப் புடிச்சா பொழுதோட போயிடலாம். அந்த ஆணியும் நான்தான் போட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றபடி ரோட்டில் இறங்கி நடந்தார்.