சந்தைக்கு வெளியே

"ஏய், உள்ள வராத. ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது? போ, அந்தப் புளியமரத்தடிக்குப் போ."

சந்தை வாசலில் மொக்கையன் குச்சியை ஓங்கினான். ரெங்கம்மாள் தலைக் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

தவசி பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்ணில் இது படுவது மூன்றாவது வாரம்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, மலையடிவாரத்துச் சந்தை அது. வாராவாரம் மதுரையிலிருந்து வந்து, துண்டுப் பிரசுரம் கொடுத்து, நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். கள்ளுக்கடை மறியலுக்கு ஒரு தடவை, ஜவுளிக்கடை மறியலுக்கு ஒரு தடவை என்று ஜெயிலைப் பார்த்து வந்தவர். எங்கே அநியாயம் நடந்தாலும் அவர் மூக்குக்குத்தான் முதலில் வாடை தெரியும்.

கத்தரிக்காய் மூட்டை உள்ளே போயிற்று. வாழைத்தார் வண்டி போயிற்று. அவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று விட்ட மொக்கையன், கிழிசல் சேலை கட்டிய இந்த ஒருத்தியை மட்டும் நாயைத் துரத்துகிற மாதிரி துரத்தினான்.

தவசி குறுக்கே போய் நின்றார்.

"கூடையில என்ன தாயி?"

"மொச்சக்காண்ணே. நம்ம புஞ்சையில வெளஞ்சது."

"எங்கிருந்து வார?"

"மலைக்கு அங்கிட்டு. கோழி கூப்பிடக் கெளம்புனேன்."

"அம்புட்டுத் தூரம் சொமந்து வந்தது மரத்தடியில உக்காரவா? வா உள்ள."

"வேணாம்ணே. நான் மரத்தடிக்கே போறேன். எனக்கு அதுதான் தோது."

பயத்தையே தோது என்று சொல்லும்படி இவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் தவசி. அவருக்கு உடம்பு கொதித்தது.

"பயப்படாத. சந்தை என்ன இவன் பாட்டன் சொத்தா?"

"அண்ணே, இதுல நீங்க தலையிடாதீக" என்றான் மொக்கையன். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தால் அதிகாரத்தின் ஆட்கள் இப்படித்தான் கெஞ்சுவார்கள். தவசி பார்க்காததா?

கூடையை அவளிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். வேறு வழியில்லாமல் ரெங்கம்மாள் பின்னால் ஓடினாள். பின்னாலேயே ஐம்பது பேர். அவர் பேசினால் நின்று கேட்க நேரமில்லாத ஜனம், வேடிக்கை என்றதும் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டது.

கொட்டகையில் குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்தார். சந்தையை ஏலத்தில் எடுத்தவர்.

"என்னய்யா கூட்டம்?"

"ஒம்ம ஆளு இந்தப் பொம்பளைய உள்ள விடமாட்டேங்கிறான். இன்னைக்கு மட்டுமில்ல. மூணு வாரமா என் கண்ணால பாத்தேன். வாசல்லயே வச்சு வெரட்டுறான். இவ ரோட்டு வளைவுல, புளியமரத்தடியில உக்காந்து வித்துட்டுப் போறா. இல்லேங்கச் சொல்லும் பாப்போம்."

மேடைக் குரல். ஒவ்வொரு வார்த்தையும் கல்லில் வெட்டின மாதிரி விழுந்தது.

குத்தகைக்காரர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மூணு வாரமா வெளியவா வித்தா?"

"ஆமா."

"சுங்கம் கட்டாம?"

தவசி தலையிலிருந்த கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

"மொக்கையா, இங்க வாடா. வார கூடையெல்லாம் உள்ள இழுத்துவிட்டுச் சுங்கம் வாங்கத்தான ஒன்ன வாசல்ல நிறுத்தியிருக்கு? நீ வெளிய அனுப்பிக்கிட்டு இருக்கியா? குச்சியக் கீழ போட்டுட்டு வீட்டுக்கு நட."

மொக்கையன் குச்சியைக் கீழே வைத்தான்.

ரெங்கம்மாள் தவசியின் பக்கம் ஒதுங்கி, உதடு அசையாமல் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு பாறையில விழுந்து நாலு மாசமாப் படுக்கையில கெடக்காருண்ணே. இதுல சுங்கமும் கட்டுனா எனக்கு என்ன மிஞ்சும்? சும்மா விட்டா மத்தவுக கேப்பாக, வஞ்சு வெரட்டுற மாதிரி அனுப்பிவிடுறேன்னு அந்த அண்ணன்தான்…" முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

'மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல், விட்டுவிடுகிறேன்' என்று மாஜிஸ்திரேட் சொன்னபோது, 'ஆறு மாசம் போதுமா, கூடப் போடுகிறீர்களா?' என்று கேட்டவர் தவசி. அந்தத் தலை மெல்லக் குனிந்தது.

"ஐயா, நான் சொன்னது பொய்."

"என்னது?"

"இந்தம்மாவ இன்னைக்குத்தான் பாக்குறேன். வாசல மறிக்காதன்னு அவரு ஒரு அதட்டுப் போட்டாரு. அம்புட்டுத்தான். மூணு வாரம்னு சொன்னா எடுபடும்னு நானாச் சேத்துக்கிட்டேன்."

குத்தகைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டுக்கங்கப்பா. ஊருக்கு நியாயம் சொல்ல வந்த ஆளப் பாத்துக்கங்க."

கூட்டமும் சிரித்தது. காலையில் அவர் கொடுத்த பிரசுரத்தை ஒருவன் கசக்கி அவர் காலடியிலேயே எறிந்தான்.

"மொக்கையா, எடுறா குச்சிய. போயி வாசலப் பாரு."

சுங்கத்துக்கென்று ரெங்கம்மாளின் கூடையிலிருந்து மொச்சையை அள்ளிக்கொண்டு, மீதியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் அங்கேயே ஒரு ஓரமாகச் சாக்கை விரித்தாள்.

மொக்கையன் குச்சியோடு வந்து தவசியின் முன்னால் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் சந்தைக் கடைசி வரைக்கும் கேட்டது.

"பொய் பேசுற ஆளுக்கு இங்க என்னய்யா வேல? போ, வெளிய போ. நெழல் வேணும்னா அந்த மரத்தடியில போயி உக்காரு."

தவசி போனார். அவரை எத்தனையோ பேர், எத்தனையோ இடத்திலிருந்து விரட்டியிருக்கிறார்கள். இவ்வளவு அன்பாக ஒருத்தரும் விரட்டியதில்லை.