ரெண்டு பெட்டி, ஒரே லைன்

“இனிமே எனக்கு வேற, அவருக்கு வேற. அவர்கிட்ட சொல்லிருங்க தம்பி” என்றார் ஜெனிவீவ்.

அந்த ‘அவர்’, அதாவது கணவர் ஆர்னால்ட், கைக்கெட்டும் தூரத்தில் சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “அந்தம்மாகிட்ட சொல்லுங்க தம்பி, எனக்கும் அதான் நிம்மதி.”

இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த வெங்கட்டுக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. திருச்சியிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு வந்து, எதிர் அடுக்குமாடி பிளாக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நெட்வொர்க் எஞ்சினியர் அவன். காப்பிக்கடையில் பழக்கமான ஆர்னால்ட் அங்கிள், “வீட்டுல இன்னொரு ரூட்டர் மாட்டணும், வந்துட்டுப் போங்க லா” என்று இந்த ஊர் வழக்கில் ‘லா’ போட்டுக் கூப்பிட்டதால் வந்தான். குடும்பமே இரண்டாகிக்கொண்டிருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஜெனிவீவுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை. செவ்வாய்க்கிழமை அவர் மேலதிகாரியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்க, ஹால் டிவியில் பந்தாட்டம் திக்கித் திக்கி வருகிறதென்று ஆர்னால்ட் ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஜெனிவீவின் முகம், வாய் பாதி திறந்தபடி, திரையில் உறைந்து நின்றது. அலுவலகத்தில் யாரோ அதை ஸ்டிக்கராக்கி குரூப்பில் விட்டுவிட்டார்கள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஆர்னால்டின் தலையணை ஹாலுக்கு வந்தது.

நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய ரூட்டர் பெட்டியிலிருந்து வெங்கட் கேபிளை இழுத்து, ஜெனிவீவின் அறையில் வைத்த புது ரூட்டரில் சொருகினான். நெட் வரவில்லை.

“ரெண்டுக்கும் ஒரே முகவரி போட்டிருக்காங்க. அதான் முட்டிக்குது” என்றான்.

“இந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான் லா” என்றார் ஆர்னால்ட், நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதுப் பெட்டியின் முகவரியை மாற்றினான். பச்சை விளக்கு எரிந்தது. ஜெனிவீவ் அறை வாசலில் நின்று கேபிள் போகும் வழியையே பார்த்தார்.

“தம்பி, அப்ப என்னோடது அவரோடது வழியாத்தான் வருதா?”

“ஆமா ஆன்ட்டி. லைன் ஒண்ணுதானே.”

“அவர் அதை அணைச்சா என்னோடதும் போயிருமா?”

“போயிரும்.”

“அப்ப என்னோடத முன்னாடி வைங்க. அவரோடது பின்னாடி வரட்டும்.”

“லைன் என் பேர்ல இருக்கு” என்றார் ஆர்னால்ட்.

“பில்லு என் கார்டுல போகுது.”

ஜெனிவீவ் உள்ளே போய் ஒட்டுநாடா எடுத்துவந்து, பழைய பெட்டியின் ஸ்விட்சை யாரும் தொட முடியாதபடி சுற்றிச் சுற்றி ஒட்டினார். அவரைச் சமாதானப்படுத்த வெங்கட் ஒரு நல்ல செய்தி சொன்னான்.

“ஆன்ட்டி, இப்படி மாட்டினா ஹால்ல இருக்கிற பிரிண்டர் உங்களுக்குத் தெரியும். உங்க அறையில இருக்கிறது எதுவும் அங்கிளுக்குத் தெரியாது.”

“அவரோடது எனக்குத் தெரியும், என்னோடது அவருக்குத் தெரியாதா?” ஜெனிவீவின் முகம் அன்று முதன்முறையாக மலர்ந்தது. “அப்படியே இருக்கட்டும்.”

வெங்கட்டுக்கு மனசு கேட்கவில்லை. தை மாதம் அவனுக்கே கல்யாணம். “இன்னொரு வழியும் இருக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல சேர்த்துட்டா, வீடு பூரா ஒரே வைஃபைதான். எங்க நடந்தாலும் போன் தானா மாறிக்கும்.”

“வேணாம்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வைஃபைக்குப் பேர் கேட்டான். ‘ஜெனிவீவ் மட்டும்’ என்று வைக்கச் சொன்னார் ஜெனிவீவ். அதைக் கேட்ட ஆர்னால்ட், தன்னுடையதை ‘அப்பாடா’ என்று மாற்றச் சொன்னார்.

“சீக்கிரம் தம்பி, நாலு மணிக்கு ஆள் வர்றாங்க” என்றார் ஜெனிவீவ். கவனித்தால், வீட்டிலேயே நல்ல சேலை கட்டியிருந்தார். மேசையில் கேக் இருந்தது. வக்கீலாகத்தான் இருக்கும் என்று நினைத்தான் வெங்கட். ஆனால் வக்கீலுக்கு யாராவது கேக் வாங்கி வைப்பார்களா என்றும் யோசித்தான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு ஸ்விட்சுக்காகப் பிரிவார்கள் என்றால், தனக்கெல்லாம் என்ன நிச்சயம்?

அழைப்பு மணி அடித்தது. கையில் ஃபைலோடு ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் நின்றார்கள்.

“வாம்மா பெதானி. வாப்பா அகிலன்” என்று ஜெனிவீவ் கதவைத் திறந்தார். ஆர்னால்ட் நகவெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டு, தலையணையைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, மனைவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் தோளில் கைவைத்து, “உக்காரும்மா, காலையிலருந்து நிக்கிறே” என்றார். ஜெனிவீவ் அந்தக் கைமேல் தன் கையை வைத்துச் சிரித்தார்.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த வெங்கட்டின் கை அப்படியே நின்றது.

பெதானி அவன் பக்கம் திரும்பினாள். “அண்ணனும் கல்யாணம் பண்ணப்போறவரா?”

“ஆமா” என்றான்.

“அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. எங்க சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடிகளுக்கு வகுப்பு எடுக்கிறதே இவங்க ரெண்டு பேரும்தான்.”